வாழைநாரில் நடந்த நாய்

முன்பு, அதற்கும் முன்பு, இன்று ஊர்தோறும் நிற்கிற ஆலமரங்கள் எல்லாம் விதையாகக் கிடந்த காலத்தில், நெடுங்கோட்டை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் புரியூர் என்று ஓர் ஊர். அந்த ஊரில் கயிறு திரிக்கிற கொம்பையா என்று ஒருவர். அவர் மனைவி பூவாயி. மூத்த மகள் வடிவுக்கு வயது பன்னிரண்டு. இளையவள் கனிக்கு வயது ஐந்து, வாய் மட்டும் ஐம்பது.

கொம்பையாவின் கயிறு என்றால் லேசுப்பட்டதில்லை. அரசரின் பட்டத்து யானையைக் கட்டுகிற வடம் அவர் திரித்தது. கோயில் தேரை இழுக்கிற வடம் அவர் திரித்தது. ஊர்க் கிணறுகளில் வாளியோடு இறங்கி ஏறுகிற கயிறு அத்தனையும் அவர் திரித்தது. "கொம்பையா கயிறு அறுந்தால் வானமே இடிந்து விழும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவரே கொம்பையாதான் என்பதையும் நான் சொல்லிவிடுகிறேன். கதை சொல்கிறவன் ஒன்றையும் மறைக்கக் கூடாது பாருங்கள்.

அந்த வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. மழையில் நனைந்து வேலியோரம் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பூவாயி முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள். நெற்றியில் ஒரு சுழி இருந்ததால் சுழியன் என்று பெயர் வைத்தார்கள். பழைய சோறும் மீன் தலையும் தின்று எட்டு மாதத்தில் சுழியன் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்துவிட்டான். குணத்தில் தங்கம். பூவாயி "சுழியா, வாடா" என்று கூப்பிட்டால் எந்த மூலையில் இருந்தாலும் பறந்து வருவான். ஆனால் கழுத்தில் கயிறு ஏறிவிட்டால் போதும், இழு இழு என்று இழுப்பான். அணிலைப் பார்த்தால் இழுப்பான், ஆட்டைப் பார்த்தால் இழுப்பான், ஒன்றையும் பார்க்காவிட்டாலும் இழுப்பான்.

கயிறு திரிக்கிறவர்கள் பௌர்ணமியன்று ராட்டையைத் தொட மாட்டார்கள். அன்றைக்குப் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு கடைத்தெரு வழியாக நடந்து ஆற்றங்கரைக்குப் போவது கொம்பையா வீட்டு வழக்கம். சுழியன் வளர்ந்த பிறகு அந்தப் பயணம் பெரும்பாடாகிவிட்டது. முதல் பௌர்ணமியில் அவன் கிணற்றுக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். கொம்பையா இன்னும் தடிமனாக ஒன்று திரித்தார். அடுத்த பௌர்ணமியில் அதையும் அறுத்தான். கொம்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்றாவதாக, படகு கட்டுகிற கயிறு ஒன்றைத் திரித்து, ஒரு முனையை நாயின் கழுத்திலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு கிளம்பினார். இழுக்கிற நாய்க்கு வேறு வைத்தியம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கயிறு திரிக்கிறவருக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் ஒரே மருந்துதான், இன்னும் தடிமனான கயிறு.

கடைத்தெருவைத் தாண்டி, நாற்சந்தியில் ஒரு புளியமரம். அதன் அடியில் கொக்கரையன் என்கிற மந்திரவாதி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு சுரைக்குடுக்கை. மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கியது.

அப்புறம் என்ன, சுழியன் பாய்ந்தான். கயிறு அறவில்லை. அறவில்லை என்பதால் கொம்பையா பாய்ந்தார். அவரைப் பிடிக்கப் போன பூவாயி பாய்ந்தாள். சோற்றுத் தூக்குச்சட்டி பாய்ந்தது. எல்லாரும் சேர்ந்து சுரைக்குடுக்கையின் மேல் விழுந்தார்கள். அது நான்காக உடைந்து, உள்ளே இருந்த நீர் மண்ணில் ஓடி மறைந்தது.

கொக்கரையன் எழுந்து நின்றார். அவர் உதடு துடித்தது. பன்னிரண்டு வருடமாக மார்கழி மாதத்துப் பனியைத் துளித்துளியாகச் சேர்த்துவைத்த குடுக்கை அது என்றும், இன்னும் ஒரு வருடம் சேர்த்தால் போன இளமை திரும்பியிருக்கும் என்றும் சொன்னார்.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? காலில் விழ வேண்டும், இல்லையென்றால் ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேட்க வேண்டும். கொம்பையா மண்ணிலிருந்து எழுந்தார். தாடையில் சிராய்ப்பு, வேட்டியெல்லாம் புளிச்சோறு. இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எது எப்படியோ சாமி, கயிறு அறுந்துபோகல பாத்தீங்களா" என்றார்.

மந்திரவாதியின் கண் சிவந்தது. ஒரு பிடி சாம்பலை அள்ளி, மந்திரம் சொல்லி, சுழியன் மேல் வீசினார். அதற்குள் பூவாயி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நாயின் முன்னால் வந்து நின்றுவிட்டாள். சாம்பல் அவள் மேல் விழுந்தது. விரித்த கை விரித்தபடி, திறந்த வாய் திறந்தபடி, பூவாயி கல்லாகிப் போனாள்.

கனி வீறிட்டாள். வடிவு ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். கை குளிர்ந்துபோயிருந்தது. கொக்கரையனே ஒரு கணம் திகைத்துவிட்டார். ஆனால் வீறாப்பு யாரை விட்டது? தன் சடைக்குள் கைவிட்டு ஒற்றை வாழைநாரை உருவினார். அது வெள்ளியாக மினுங்கியது. இலேசாக இழுத்துக் காட்டினார். தம்புராக் கம்பி போல 'ங்ங்' என்று பாடியது.

"கயிற்றுப் பெருமையா பேசினாய்? இதோ, உனக்கு ஏற்ற கயிறு. மூன்றாம் பௌர்ணமியன்று இந்த நாரை நாயின் கழுத்தில் கட்டி, உன் வீட்டு வாசலிலிருந்து கடைத்தெரு வழியாக இந்தச் சிலை வரை குடும்பத்தோடு நடந்து வா. ஒருவரும் கூட்டத்தை விட்டு ஓடக் கூடாது. நார் அறாமல் வந்தால் அவள் எழுவாள். அறுந்தால் அவளும் கல், நாயும் கல், என்றென்றைக்கும்."

சொல்லிவிட்டுப் புகையாக மறைந்தார்.

மூன்று பௌர்ணமி. கொம்பையா முதல் மாதத்தை நாரைப் பலப்படுத்துவதிலேயே கழித்தார். மந்திர நாரோடு இன்னொரு நாரைச் சேர்த்து முறுக்கினார். சேர்த்த நார் சாம்பலாக உதிர்ந்தது. புளியங்கொட்டைப் பசை தடவினார். பசை வழிந்து ஓடியது. மெழுகு பூசினார், மெழுகு உரிந்து விழுந்தது.

இரண்டாம் மாதம் நாயைப் பலவீனப்படுத்தப் பார்த்தார். படகுக் கயிற்றைக் கட்டி, அவன் ஒரு முறை இழுத்தால் இவர் இரண்டு முறை வெட்டி இழுத்தார். சுழியனின் கழுத்து தடித்தது, கால் உரமேறியது. மாதக் கடைசியில் அவன் முன்பைவிட இரண்டு மடங்கு இழுத்தான். எருமையை உழவுக்குப் பழக்குவது போல அவனைக் கொம்பையாவே பழக்கிவிட்டார்.

இதற்கு நடுவில் புளியமரத்தடியில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கையை விரித்து நிற்கிற கற்சிலையைப் பார்த்த வழிப்போக்கர்கள் முதலில் ஒரு பூ வைத்தார்கள். பிறகு குங்குமம் வைத்தார்கள். பிறகு யாரோ மஞ்சள் புடவை சாத்தி, எலுமிச்சை மாலை போட்டுவிட்டார்கள். கொம்பையா போய், இது என் பெண்டாட்டி, சாமி இல்லை என்று கத்தினார். அம்மனைப் பெண்டாட்டி என்கிறானே என்று ஊரார் அவரைத் திட்டி அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒருநாள் அப்பாவும் மகளும் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். கொம்பையா ராட்டைப் பக்கம், வடிவு நாரின் மறுமுனையைப் பிடித்துப் பின்னால் நடந்தபடி. ஏதோ நினைப்பில் கொம்பையா நார்ப்புரியை வெடுக்கென்று இழுத்தார். வடிவின் உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. அவள் சாய வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அப்பாவிடம் வந்து, சட்டென்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் பின்னால் சாய்ந்தார்.

"ஏம்ப்பா சாஞ்சீங்க?"

"நீ இழுத்தே, சாஞ்சேன்."

"சுழியனும் அதைத்தானேப்பா செய்யுறான்."

கொம்பையா விழித்தார். மகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வடிவுக்கு விளங்கிவிட்டது. நாம் இழுக்க இழுக்க அவன் எதிர்த்து இழுக்கிறான். இழுத்தால் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்றும் கற்றுவைத்திருக்கிறான். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவனுக்கு இழுக்க என்ன இருக்கிறது?

அவள் மந்திர நாரைத் தொடவில்லை. கொல்லை வாழையில் சாதாரண நார் உரித்து ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டாள். இடுப்பில் ஒரு சுருக்குப்பை, அதில் கருவாட்டுத் துணுக்கு. தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

"நார் தொங்கினா நடை. நார் நிமிந்தா நிலை."

நார் தளர்ந்து தொங்குகிற வரை நடப்பாள். அது நிமிரத் தொடங்கினால் கல்லாக நின்றுவிடுவாள். இழுக்க மாட்டாள், திட்ட மாட்டாள். சுழியன் திரும்பிப் பார்த்து, ஓர் அடி பின்னால் வந்து, நார் மறுபடி தொங்கியதும் "அப்படித்தான்" என்பாள். அவன் அவள் முழங்கால் பக்கம் வந்து நின்றால் அங்கேயே கருவாடு கிடைக்கும். முன்னால் எங்கேயும் கிடைக்காது.

முதல் நாள் வாசலுக்கும் முருங்கை மரத்துக்கும் இடையில் முப்பத்தேழு நார் அறுந்தது. பத்தடி தூரத்துக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. எதிர்வீட்டுக்காரர் வந்து, நாயை நடத்துகிறாயா இல்லை நாய்க்குக் காவல் நிற்கிறாயா என்று கேட்டுவிட்டுப் போனார். வடிவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே முப்பத்தெட்டாவது நாரைக் கட்டினாள்.

நார் தொங்கினால் நடை, நார் நிமிர்ந்தால் நிலை. நான்காம் நாள் முருங்கை மரத்தை எட்டினார்கள். எட்டாம் நாள் தெருமுனையை எட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் தெருமுனைக்குப் போய்த் திரும்பும் வரை ஒரே நார். அன்றைக்கு நடுவழியில் ஒரு கோழி குறுக்கே ஓடியது. சுழியனின் உடம்பு முன்னால் போனது. பிறகு அவனாக நின்றான். நின்று, தலையைத் தூக்கி, வடிவின் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு வடிவு ஒரு நாட்டையே எழுதிக் கொடுத்திருப்பாள். மண்டியிட்டு அவன் நெற்றிச் சுழியில் முத்தம் கொடுத்து, சுருக்குப்பையில் இருந்த கருவாடு அத்தனையையும் கவிழ்த்துவிட்டாள்.

ஆனால் மந்திரவாதி கேட்டது குடும்பத்தோடு நடக்கிற நடை. மறுநாள் மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டியதும் கனி குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். சுழியன் அவள் பின்னால் ஓடினான். நார் அறுந்தது. உடனே கொம்பையா அவன் கழுத்தைப் பிடித்து இழுத்தார். சுழியன் எதிர்த்துச் சாய்ந்தான். பன்னிரண்டு நாள் பாடமும் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

வடிவு கனிக்கு ஒரு பதவி கொடுத்தாள். கருவாட்டுப் பை இனி கனியின் பொறுப்பு. பை வைத்திருக்கிறவர் நாயின் தோளுக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும், முன்னால் ஓடினால் பதவி போய்விடும். பதவி கிடைத்த கனி தாசில்தார் மாதிரி நிமிர்ந்து நடந்தாள்.

அப்பாவைத் திருத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. நாற்பது வருடம் முறுக்கிப் பழகிய கை. நார் கைக்கு வந்ததும் அது தானாக வெட்டி இழுத்தது. அடுத்தடுத்துப் பதினைந்து நார் அறுந்தது. இதெல்லாம் ஒரு கயிறா என்று வீசி எறிந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வடிவு புது நார் ஒன்றை எடுத்தாள். ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை அவர் கையில் வைத்தாள். இதை அறாமல் என்னைக் குளத்தங்கரை வரை கூட்டிப் போங்கள், நான் நடுவில் நிற்பேன், திரும்புவேன், நீங்கள் இழுக்கக் கூடாது என்றாள்.

கொம்பையா நடந்தார். அவள் நின்றபோது நின்றார். திரும்பியபோது திரும்பினார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் இருக்கிற நாரைப் பார்க்காமல், அதன் மறுமுனையில் இருக்கிறவரைப் பார்த்தார். குளத்தங்கரை வந்தபோது நார் முழுசாக இருந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தா உங்கம்மா இப்படி நிக்க மாட்டா தாயி. நான் கயித்தைத் தொட்டுப் பாத்தேன். அந்த மனுசன் முகத்தைப் பாக்கல."

வடிவு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக்குச் சுழியனை நீங்கள் பிடியுங்கள் என்றாள்.

மூன்றாம் பௌர்ணமி வந்தது. வடிவு மந்திர நாரைச் சுழியனின் கழுத்தில் கட்டினாள். வலப்பக்கம் கனி, இடப்பக்கம் நாரைப் பிடித்தபடி வடிவு, பின்னால் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியோடு கொம்பையா. பூவாயி எழுந்ததும் பசிக்குமே என்று சோறு கட்டியது கனியின் யோசனை. ஊரே தெருவின் இரண்டு பக்கமும் மூச்சுவிடாமல் நின்றது.

கொக்கரையன் சும்மா இருப்பாரா? கடைத்தெரு தொடங்குகிற இடத்தில் அணிலாக உருமாறிச் சுழியனின் மூக்குக்கு முன்னால் ஓடினார். நார் 'ங்ங்' என்று மெல்லப் பாடியது. வடிவு நின்றாள், கனி நின்றாள், கொம்பையா நின்றார். சுழியன் திரும்பினான். நார் தொங்கியது. நடந்தார்கள்.

கடைத்தெரு நடுவில் கறிக்குழம்பு வாசனையாக உருமாறி மூக்கைத் துளைத்தார். நார் உரக்கப் பாடியது. மூன்று பேரும் நின்றார்கள். எச்சில் ஒழுக ஒழுகச் சுழியன் ஓர் அடி பின்னால் வந்தான். நார் தொங்கியது. நடந்தார்கள். கறிக்குழம்பையே வேண்டாம் என்ற நாயைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

நாற்சந்தி வந்தது. சிலைக்கு இன்னும் இருபதடி. அப்போது சிலைக்குப் பின்னால் இருந்து பூவாயியின் குரல் வந்தது.

"சுழியா, வாடா."

அதே குரல். மழையில் நனைந்த குட்டியை முந்தானையில் சுற்றிய அதே குரல். சுழியன் பாய்ந்தான். நார் நிமிர்ந்து, கீச்சென்று உச்சத்தில் அலறியது. வடிவின் கால் அசையவில்லை. கனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு நூலளவு இழுத்தால் தீர்ந்தது. சுழியன் நின்றான். குரல் வந்த திசையைப் பார்த்தான், வடிவைப் பார்த்தான். அழுதுகொண்டே ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி. அவள் முழங்காலோடு ஒட்டி வந்து உட்கார்ந்தான். நார் தொங்கியது.

ஆனால் நாய்க்கு இருந்த பொறுமை கொம்பையாவுக்கு இல்லை. மூன்று மாதமாகக் கேட்காத குரல் அல்லவா? "பூவாயி" என்று சொல்லிக்கொண்டே சோற்றோடு முன்னால் பாயப் போனார். ஒரு கால் எடுத்துவைத்திருப்பார். பின்னால் ஏதோ பிடித்தது. திரும்பிப் பார்த்தார். சுழியன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, அவர் வேட்டி நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தான். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். கொம்பையா அந்த ஓர் அடியைப் பின்னால் எடுத்துவைத்தார். ஊரே ஒரு பெருமூச்சு விட்டது.

மிச்சம் இருபதடியையும் நான்கு பேரும் சேர்ந்து நடந்தார்கள். வடிவு நாரின் முனையை அம்மாவின் கல் விரலில் வைத்தாள். முதலில் விரல் அசைந்தது. பிறகு வளையல் குலுங்கியது. பிறகு கண் சிமிட்டியது. பூவாயி நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"யாருடி என் மூஞ்சியில இம்புட்டு குங்குமத்தை அப்புனது?"

வடிவு நாரை அவிழ்த்துவிட்டாள். சுழியன் பாய்ந்த பாய்ச்சலில் பூவாயி மல்லாந்து விழுந்தாள். இந்த முறை அவனை யாரும் நிறுத்தவில்லை. வடிவும் கனியும் அவர்கள் மேலேயே விழுந்து அழுதார்கள், சிரித்தார்கள்.

கொக்கரையன் மரத்தடியில் தனியாக நின்றிருந்தார். கொம்பையா அவர் முகத்தைப் பார்த்தார். நேரே போய்க் காலில் விழுந்து, மூன்று மாதம் தாமதமாக அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். வடிவு, குடுக்கையை உடைத்தது எங்கள் தப்புதான், மார்கழி வந்ததும் நாங்கள் பனி பிடித்துத் தருகிறோம் என்றாள். அதைக் கேட்டதும் மந்திரவாதியின் கோபம் சாம்பலாக உதிர்ந்துவிட்டது. குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய் இரண்டு கவளம் புளிச்சோறும் சாப்பிட்டார். மார்கழியில் ஊரே கிண்ணம் ஏந்திப் புல்வெளியில் இறங்கியது. தனியாளுக்குப் பதின்மூன்று வருடம் பிடிக்கிற வேலை ஒரே மாதத்தில் முடிந்தது. கொக்கரையனுக்கு இளமை திரும்பியது. அணில்களைத் துரத்தி மரம் ஏறுகிற அளவுக்குத் திரும்பியது என்று கேள்வி.

அன்று முதல் புரியூர் வழியே பௌர்ணமிதோறும் ஒரு குடும்பம் நடந்து போகும். நடுவில் ஒரு பெரிய நாய், கழுத்தில் ஒற்றை வாழைநார், அது ஊஞ்சலாகத் தொங்கும். பார்க்கிறவர்கள் வழிவிட்டு நிற்பார்கள்.

கொம்பையா கடையில் யானை வடமும் தேர் வடமும் கீழே சுருண்டு கிடக்க, எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சள் துணியில் சுற்றி அந்த நார் தொங்கும். பௌர்ணமிக்கு மட்டும் இறங்கும். கப்பல்காரர்களும் அரசரின் ஆட்களும் வந்து, இது என்ன கயிறு என்று கேட்பார்கள். எத்தனை புரி, எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் பேசுகிற அந்தப் பழைய கொம்பையாவைக் காணோம். நாரை ஒரு முறை அண்ணாந்து பார்ப்பார். நெஞ்சு நிமிரும்.

"அது என் மக புடிச்ச கயிறு" என்பார்.